செவுளைத் தூக்கிப் பார்த்த விரல்

1

உறை வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் ஊறுகாய்ப் பாட்டிலின் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். குடியுரிமை அலுவலகத்திலிருந்து மெல்லிய உறை வந்தால் நல்லதா, தடித்த உறை வந்தால் நல்லதா என்று எங்கள் ஆபீஸில் ஆளுக்கொரு ஜோசியம் சொல்வார்கள். இது மெல்லியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒரு மண்ணும் தெரியவில்லை.

பிரித்துப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பயமாக இருக்கிறது. இந்த மாதத்தோடு நான் அமெரிக்காவுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது, இந்த ஃப்ரீமான்ட் ஊரில் மட்டும் பதினேழு வருஷம். இந்த இருபது வருஷத்தில் அரசாங்கத்திலிருந்து வந்த எந்த உறையையும் நான் நிம்மதியாகப் பிரித்ததில்லை. விசா நீட்டிப்பு, வேலை மாற்றம், கிரீன் கார்டுக்குக் கைரேகை, அந்தக் கைரேகை காலாவதியாகி மறுபடியும் கைரேகை. ஆனால் அப்போதெல்லாம் நான் தப்பு எதுவும் செய்திருக்கவில்லை. இந்தத் தடவை செய்திருக்கிறேன்.

என் மகள் அபிஷா மூன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து வருவாள். அவள் வந்தபிறகு பிரிக்கலாம் என்று வைத்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த உறையையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றுகிறது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

2

அபிஷாவுக்குப் பதினேழு வயது. இங்கே பிறந்தவள், பள்ளியில் ஆபி. நாங்கள் பேசுகிற தமிழெல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். இங்கே அவள் பேசுவதைத் தமிழில்தான் எழுதுகிறேன், ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் அவள் வாயில் வந்தபடி விட்டுவிடுகிறேன்.

பதிமூன்று வயதில் இவளுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. மற்றப் பிள்ளைகள் பாட்டு, டான்ஸ் என்று ஃபோனில் பார்க்கிற வயதில் இவள் ஸ்காட்லாந்து ஆறுகளைப் பார்க்க ஆரம்பித்தாள். பிப்ரவரிக் குளிரிலேயே கடலைவிட்டு ஆற்றில் ஏறிவரும் வசந்தகாலச் சால்மன், அதற்குப் பின் கோடை தொடங்கும்போது வரும் கடல் டிரவுட், மார்பளவுத் தண்ணீரில் நின்று பதிமூன்று அடித் தூண்டிலை இரண்டு கையாலும் பிடித்து வீசுகிற ஆட்கள். புழு கிடையாது, இரை கிடையாது. கொக்கியில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். அந்த வீச்சுக்குப் பெயரே அங்குள்ள ஸ்பே என்கிற ஆற்றின் பெயர்தான் என்று எனக்குப் பாடம் எடுத்தாள். நான் நாகர்கோவில்காரன். மீனைப் பிடிக்க இவ்வளவு பாடு எதற்கு, சந்தைக்குப் போனால் ஆகாதா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்காட்லாந்து இல்லாவிட்டால் என்ன, நம் ஊரிலேயே ஸ்டீல்ஹெட் இருக்கிறது என்று அவளே கண்டுபிடித்தாள். அதுவும் டிரவுட்தான். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பி வருகிற மீன். ஃப்ரீமான்டிலிருந்து வடக்கே மூன்றரை மணி நேரம் போனால் அதற்கு ஒரு ஆறு. கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்ததில் ஒரு பழைய தூண்டில் வாங்கினாள். தனியாக விட முடியுமா? நானும் போனேன்.

எனக்கு நீச்சல் தெரியாது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். மார்பு வரைக்கும் வருகிற ரப்பர் கால்சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்க வேண்டும். கால் வழுக்கினால் அதற்குள் தண்ணீர் ஏறும், ஏறாமலிருக்க இடுப்பில் ஒரு பெல்ட். நான் அந்த பெல்ட்டைச் சாப்பிட்ட சோறு மேலே வருகிற அளவுக்கு இறுக்கிக் கட்டுவேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் நான் நகரமாட்டேன். அபிஷா இடுப்பளவில் நின்று சிரிப்பாள்.

இந்தப் பயத்தையெல்லாம் எதற்குப் பொறுத்துக்கொண்டேன் என்றால், அவள் என்னோடு பேசுவது அங்கே மட்டும்தான். வீட்டில் அவள் அறைக்கதவு சாத்தியிருக்கும். தட்டினால் "வாட்?" என்று ஒரு சொல் வரும். ஆற்றில் அப்படியில்லை. எப்படி வீச வேண்டும், எங்கே மீன் ஒதுங்கி நிற்கும், எந்தப் பையன் மடையன், கல்லூரிக்கு எங்கே போக ஆசை எல்லாம் வரும். ஒருநாள் தண்ணீரைப் பார்த்தபடியே, "அப்பா, உனக்கு இந்த ஊர் பாஸ்போர்ட் வந்ததும் நாம ரெண்டு பேரும் ஸ்காட்லாந்து போகலாம். ஸ்பிரிங்ல," என்றாள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வாங்க நான் படும் பாட்டை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். சரி என்றேன். அன்று வீட்டுக்கு வந்ததும் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன்.

என் மனைவி ஷீபா அதற்கு ஒரு வருஷம் முன்பே விண்ணப்பித்து, உறுதிமொழியும் எடுத்து முடித்திருந்தாள். ஐசியு நர்ஸ். எதைக் கண்டும் அவளுக்குக் கை நடுங்காது. வீட்டில் இரண்டு அமெரிக்கர்கள், ஒரு அயல்நாட்டவன் என்று பக்கத்து வீட்டு ஆன்டி வரைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

3

மார்ச் முதல் வாரம் ஒரு சனிக்கிழமை போனோம். என் குடியுரிமை நேர்காணலுக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. அபிஷாதான் டிரைவ் பண்ணினாள். ஃப்ரீவேயில் அவள் லேன் மாறும்போதெல்லாம் நான் இல்லாத பிரேக்கை மிதித்தேன். கூலர் பையில் ஷீபா கட்டிக்கொடுத்த லெமன் ரைஸ்.

ஸ்டீல்ஹெட் பிடிப்பதற்கு விதிகள் உண்டு. லைசென்ஸ் தனி. அதற்கு மேல் ஒரு அட்டை, ஒவ்வொரு மீன் கிடைக்கும்போதும் அதில் எழுத வேண்டும். கொக்கி நுனியில், மீனைக் கழலவிடாமல் பிடிக்கிற எதிர்முள் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய விதி, மீனின் முதுகில் வாலுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் சின்னத் துடுப்பு. பண்ணையில் வளர்த்து விட்ட மீன் என்றால் அதைக் குஞ்சிலேயே வெட்டியிருப்பார்கள். அந்த மீனைக் கொண்டுபோகலாம். துடுப்பு முழுசாக இருந்தால் அது ஆற்றில் தானாகப் பிறந்த மீன். எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிற மீன். அதைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுக்கக்கூட அனுமதியில்லை. கொக்கியைக் கழற்றி அப்படியே விட்டுவிட வேண்டும்.

நான்கு வருஷத்தில் அபிஷா ஏழு மீன் பிடித்திருந்தாள். ஏழையும் விட்டாள். எனக்கு ஒன்றுகூட மாட்டியதில்லை. அது எனக்கு ஒருவகையில் நிம்மதி.

அன்று பத்து மணி வாக்கில், நான் வீசிய நூல் ஆற்றோடு வளைந்து கரைப்பக்கம் வரும்போது யாரோ பிடித்து இழுத்தார்கள். யாரோ என்றுதான் தோன்றியது. தூண்டில் வளைந்துவிட்டது. சுற்றியிருந்த நூல் விர்ரென்று ஓடுகிறது. "கையை எடுக்காதே, ஓடட்டும், ஓடட்டும்," என்று சொல்லிக்கொண்டே அபிஷா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தாள். மீன் இரண்டு தடவை தண்ணீருக்கு மேலே வந்து விழுந்தது. கால் மணி நேரம் இருக்கும். கடைசியில் முழங்காலளவுத் தண்ணீருக்கு அதைக் கொண்டுவந்தோம். நான்கு கிலோ தேறும். பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கோடு, மேலெல்லாம் வெள்ளி. துடுப்பு முழுசாக இருந்தது.

"வைல்ட், அப்பா," என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். "நீ பிடி. வயித்துக்கு அடியில கை குடு. நான் கொக்கியைக் கழட்டறேன்." அவ்வளவு சந்தோஷமாக அவள் என்னைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

நான் மண்டியிட்டேன். இடது கை மீனின் வயிற்றுக்கு அடியில். வலது கை என்ன செய்தது என்பதுதான் விஷயம்.

4

நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மீன் வாங்கப் போவது என் வேலை. வடசேரிச் சந்தையில் மீன்காரி எதைச் சொன்னாலும் நம்பக் கூடாது, கண்ணைப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் வாங்கலாம். வெளுத்திருந்தால் நேற்று மீன். வெளுத்த மீனோடு வீட்டுக்கு வந்தால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள், சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கொண்டு போய்க் குடுத்திட்டு வா," என்பாள். மீன்காரியிடம் போய்த் திருப்பிக் கொடுப்பதைப்போலக் கேவலம் கிடையாது, சந்தையே சிரிக்கும். இரண்டு தடவை போயிருக்கிறேன். மூன்றாவது தடவை வரவேயில்லை. அதன்பின் நான் கையில் எடுத்த எந்த மீனையும் செவுள் பார்க்காமல் விட்டதில்லை. இங்கே மௌரி அவென்யூ கடையில் ஐஸில் கிடக்கிற நெய்மீனுக்கும் அதுதான். கடைக்காரர் முறைப்பார், அப்போதும் என் கை நிற்காது.

ஆற்றில் அந்தக் கை என்னைக் கேட்கவில்லை. கட்டைவிரல் செவுள் மூடியைத் தூக்கியது, ஆள்காட்டி விரல் உள்ளே போய்ச் சிவப்பை விலக்கிப் பார்த்தது. நல்ல சிவப்பு. நல்ல மீன் என்று மனசுக்குள் சொன்னதுகூட நினைவிருக்கிறது. உயிரோடிருக்கும் மீனின் செவுளை அதற்கு முன் நான் தொட்டதில்லை.

மீன் துள்ளியது. விரல் உள்ளே இருந்தது.

"அப்பா, நாட் த கில்ஸ்," என்று அபிஷா கத்துவதற்குள் என் கையைச் சுற்றித் தண்ணீர் சிவந்துவிட்டது. அவள் மீனை என்னிடமிருந்து வாங்கி, ஓட்டத்துக்கு எதிராகத் தலையைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னுமாக அசைத்தாள். விட்டாள், சாய்ந்தது. மறுபடி நிமிர்த்திப் பிடித்தாள். அரை மணி நேரம் அந்தப் பனித் தண்ணீரில் கை நீலமாகும் வரை பிடித்திருந்தாள். வாய் திறந்து மூடுவது நின்றுபோனது.

"விட்டுடலாம் அப்பா. தண்ணிலயே விட்டுடலாம். செத்தாலும் விடணும், அதுதான் ரூல்," என்றாள்.

அங்கேதான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். முதலாவது தப்புக்குக் கை காரணம், இரண்டாவதற்கு நான்தான். நான்கு கிலோ மீனை, அவ்வளவு சிவந்த செவுள் உள்ள மீனை ஆற்றில் எறிந்துவிட்டுப் போவதா என்று மனசு கேட்கவில்லை. கொன்றதற்குத் தின்றாலாவது ஒரு நியாயம் இருக்கும் என்று பட்டது. கூலர் பையில் லெமன் ரைஸ் டப்பாவை எடுத்து, மீனை வளைத்து அடியில் வைத்து, மேலே பேப்பர் டவலைப் போட்டு, டப்பாவை அதன்மேல் வைத்தேன்.

"அப்பா. நோ. பிளீஸ்," என்றாள் அபிஷா. மெதுவாகத்தான் சொன்னாள்.

"யாரு பாக்கப்போறா மக்களே," என்றேன்.

5

திரும்பி வந்தபோது எங்கள் கார் பக்கத்தில் பச்சை வண்டி ஒன்று நின்றது. வார்டன் என்றால் எனக்கு இன்றைக்கும் ஹாஸ்டல் வார்டன்தான் ஞாபகம் வருவார். இங்கே மீன்வளத்துறை வார்டனுக்கு இடுப்பில் துப்பாக்கி உண்டு. ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், மரியாதையாக வணக்கம் சொன்னாள். லைசென்ஸ் கேட்டாள், அட்டை கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அட்டையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இன்னைக்கு ஏதாவது கிடைச்சுதா?" என்று கேட்டாள்.

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கூலர் பை தோளில் தொங்குகிறது. நான்கு வாரத்தில் நேர்காணல். ஃபோனில் பார்த்த செய்திகளெல்லாம், நாடு கடத்தப் பிடித்துக்கொண்டு போனவர்களின் முகங்களெல்லாம், ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"இல்லை. அப்பாவுக்கு ஒண்ணு கடிச்சுது. கழண்டுட்டுது," என்றாள் அபிஷா. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஸ்டீல்ஹெட்னா அப்படித்தான்," என்று வார்டனும் சிரித்தாள். கொக்கிகளைக் காட்டச் சொன்னாள். அபிஷா தன் தூண்டிலை நீட்டினாள். வார்டன் கொக்கியை ஒரு துணியில் குத்தி இழுத்துப் பார்த்தாள், முள் இருந்தால் துணியில் மாட்டுமாம். மாட்டவில்லை. என் பார்வை அபிஷாவின் கையில் இருந்தது. சற்று முன் அரை மணி நேரம் பனித் தண்ணீரில் விறைத்த கை. துளி நடுக்கம் இல்லை.

"அது லஞ்சா?" என்று பையைப் பார்த்துக் கேட்டாள் வார்டன்.

"லெமன் ரைஸ். எங்கம்மா செஞ்சது. கொஞ்சம் சாப்பிடறீங்களா?" என்றாள் அபிஷா.

வேண்டாம், நன்றி, பத்திரமாகப் போங்கள் என்று சொல்லிவிட்டு வார்டன் போனாள். மகள் எங்களைக் காப்பாற்றிவிட்டாள் என்று நான் அப்போது சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம்தான். பத்து வயதில் ஒரு பென்சிலைத் தொலைத்துவிட்டுப் பொய் சொல்லத் தெரியாமல் அழுத பிள்ளை இவள். இந்த முகத்தை எங்கே வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றரை மணி நேரமும் அவள் பேசவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் எக்ஸிட் எடுக்கும்போது மட்டும், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஐ லைட் டு அ காப். போலீஸ்கிட்ட பொய் சொன்னேன், மீன் கறிக்காக."

6

ஷீபா மீனைப் பார்த்ததும் முதலில் செய்தது செவுளைத் தூக்கிப் பார்த்ததுதான். "அத்தான், இது என்ன மீனு? இப்பிடி சிவப்பு நான் ஊர்லகூட பாத்ததில்ல," என்று தேங்காய் எடுக்கப் போனாள். நான் நடந்ததைச் சொன்னேன். தேங்காயை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அந்த மீனை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சாப்பிட்டால் இறங்காது. குப்பையில் போட்டால் யாராவது கிளறுவார்கள் என்று எனக்குப் பயம், எதிர்வீட்டு வாசலில் வேறு கேமரா. கடைசியில் அலுமினிய ஃபாயில் பேப்பரில் சுற்றி ஃப்ரீசரில் பரோட்டாப் பாக்கெட்டுகளுக்கு அடியில் வைத்தேன். அதன்பிறகு ஐஸ் எடுக்கக்கூட நான் அந்தக் கதவைத் திறக்கவில்லை.

நான்கு வாரம். வாசல் மணி அடித்தால் மாடிக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், பெரும்பாலும் பார்சல்காரன். ஃப்ரீவேயில் பின்னால் பச்சை வண்டி வந்தால் லேன் மாறுவேன். அட்டையில் அந்த மீனை எப்படி எழுதுவது என்று தினம் எடுத்துப் பார்ப்பேன். விடுவித்தது என்று ஒரு கட்டம், வைத்துக்கொண்டது என்று ஒரு கட்டம். கொன்று ஃப்ரீசரில் ஒளித்தது என்று கட்டம் இல்லை.

குடியுரிமை விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. அதற்காகக் கைதாகாவிட்டாலும், குற்றம் எதையாவது எப்போதாவது செய்திருக்கிறீர்களா என்று. பிடிபட்ட குற்றத்தைக் கேட்டால் அது நியாயம். பிடிபடாததையும் கேட்கிறார்கள். விண்ணப்பிக்கும்போது இல்லை என்று போட்டிருந்தேன், அன்றைக்கு அது உண்மை. நேர்காணலில் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தபிறகு அதே கேள்வியை மறுபடி கேட்பார்கள்.

"இல்லன்னு சொல்லிட்டு வாங்க," என்றாள் ஷீபா. "மீனக் கொன்னதுக்கு எவனாவது நாட்ட விட்டு அனுப்புவானா? என்னத்துக்கு இப்பிடி பயப்படுதீங்க?"

"மீனுக்கு அனுப்பமாட்டான். பொய் சொன்னா அனுப்புவான்," என்றேன்.

"அப்போ உள்ளதச் சொல்லுங்க."

"சொன்னா வார்டன்கிட்ட என்ன சொன்னீங்கன்னு கேப்பான். பிள்ள பேரு வரும்."

அவள் ராத்திரி ஷிஃப்டுக்குப் போகிற பையை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள்.

7

நேர்காணலுக்கு அபிஷாதான் கூட்டிப்போனாள். என் கை ஸ்டியரிங்கில் நிற்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு மாதமாக அவள் என்னோடு பேசியது மொத்தம் இருபது சொல் இருக்கும். பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தினாள்.

"ஜஸ்ட் ஸே நோ, அப்பா. அவங்க முகத்தைப் பாத்து, சிரிச்சிட்டுச் சொல்லு. ஈஸி," என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்துக் காட்டினாள்.

வார்டனிடம் சிரித்த அதே சிரிப்பு. எனக்குச் சொல்லித்தருகிறாள். மீன் பிடிக்க எப்படி நிற்க வேண்டும் என்று காட்டுவாளே, அதேமாதிரி காட்டுகிறாள். உள்ளே இருக்கிற அதிகாரியைவிட அந்த நிமிஷம் என் மகளைக் கண்டு எனக்குப் பயமாக இருந்தது.

அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். அமெரிக்க வரலாற்றுக் கேள்விகள் ஆறு கேட்டார், ஆறும் சரி. ஒரு வாக்கியம் வாசிக்கச் சொன்னார், ஒன்று எழுதச் சொன்னார். பிறகு விண்ணப்பத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தீவிரவாத இயக்கத்தில் இருந்தீர்களா, இல்லை. சூதாட்டம், இல்லை. இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் அந்தச் சொல்லுக்குப் பழகியிருந்தது. அந்தக் கேள்வி வந்தது.

"யெஸ், சார்," என்றேன்.

பேனா நின்றது. என்ன என்று கேட்டார். இருபது வருஷம் பேசிய ஆங்கிலம் அத்தனையும் எங்கோ ஓடிப்போனது. "சார், தி ஃபிஷ் எக்ஸ்பயர்ட் இன் மை ஹாண்ட்," என்றேன். ஊரில் பெரியவர்கள் இறந்தால் அப்படித்தானே சொல்வோம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதலிலிருந்து சொல்லச் சொன்னார். ஆறு, துடுப்பு, செவுள், கூலர் பை எல்லாம் சொன்னேன்.

"உங்களோடு யாராவது இருந்தார்களா?"

இதற்குத்தான் நான்கு வாரமும் பயந்தேன். "என் மகள். தண்ணீரிலேயே விட்டுவிடச் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை."

"அதிகாரி யாராவது உங்களை நிறுத்தினார்களா?"

"நிறுத்தினார்கள்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"நான் ஒன்றும் சொல்லவில்லை, சார். வாய் வரவில்லை."

சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் சொன்னேன், ஒவ்வொரு சொல்லும் உண்மை. மகள் என்ன சொன்னாள் என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நீளமாக டைப் செய்தார்.

"மீன் இப்போது எங்கே?"

"ஃப்ரீசரில், சார். பரோட்டாவுக்குக் கீழே."

அவர் வாயோரம் லேசாக அசைந்ததா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியாது. இன்று முடிவு சொல்ல இயலாது, மேற்கொண்டு பரிசீலனை தேவை என்று அச்சடித்த தாளில் டிக் போட்டுக் கொடுத்தார். மீன்வளத்துறைக்கு நீங்களே தெரிவிப்பது நல்லது என்றும் சொன்னார்.

காரில் ஏறித் தாளைக் காட்டினேன். அபிஷா படித்தாள்.

"நீ சொல்லிட்டியா? நான் உனக்காகப் பொய் சொன்னேன். எல்லாத்தையும் வேஸ்ட் பண்ணிட்டே," என்றாள். முகம் சிவந்துவிட்டது.

"அதுக்காகத்தான் சொன்னேன் மக்களே. அந்தச் சிரிப்ப நீ இனி சிரிக்கக் கூடாது."

அவள் வண்டியை எடுத்தாள். வீடு வரைக்கும் என்னைப் பார்க்கவில்லை. அந்த வாரம் அவளுடைய தூண்டில் கராஜில் மேல் தட்டுக்குப் போனது.

8

மறுநாள் மீன்வளத்துறைக்கு ஃபோன் பண்ணினேன். பத்து நாள் கழித்து ஒரு வார்டன் வந்தார். ஆற்றில் பார்த்த பெண் அல்ல, இளம் வயது ஆண். ஷூவைக் கழற்றட்டுமா என்று வாசலில் கேட்டார். மீனை ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஃபாயில் பேப்பரைப் பிரித்து, துடுப்பைப் பார்த்து, அளந்து, ஒரு பையில் போட்டு முத்திரை வைத்தார். பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து எனக்கு ஒரு சைட்டேஷன் எழுதினார். கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டும். என் வாழ்க்கையில் என் பெயர் முதன்முதலாகக் குற்றம் என்கிற கட்டத்துக்குள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அன்று அங்கே எங்கள் அதிகாரி யாரையும் சந்தித்தீர்களா?" என்று எழுதிக்கொண்டே கேட்டார்.

சந்தித்தேன், நான் பேசவில்லை என்றேன். அப்போது மாடிப்படியில் சத்தம் கேட்டது. அபிஷா பாதிப்படியில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"மக்களே, சும்மா இரு. உள்ள போ," என்றேன் தமிழில்.

"நான் பேசினேன்," என்றாள் அவள், வார்டனைப் பார்த்து. "மீன் கிடைக்கலைன்னு அவங்ககிட்ட சொன்னது நான்தான். அப்பா இல்லை." படிக்கட்டுக் கம்பியைப் பிடித்திருந்த கை வெடவெடவென்று ஆடியது.

வார்டன் பேனாவை வைத்தார். "எத்தனை வயசு?" என்று கேட்டார். பதினேழு என்றாள். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார். "எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்தேன்," என்றாள். வார்டன் தலை குனிந்துகொண்டார். சொன்னதற்கு நன்றி, அன்று ஆற்றில் இருந்த அதிகாரிக்கு நானே தெரிவித்துவிடுகிறேன் என்றார். அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை. மீனை எடுத்துக்கொண்டு போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அபிஷா கடைசிப் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள், பென்சில் தொலைத்த நாள்போல, மூக்கு ஒழுக. பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆற்றங்கரையிலிருந்து அவளைப் பற்றிச் சுமந்துவந்த ஒரு பயம் மட்டும் அன்றைக்கு இறங்கியது என்பதைச் சொல்ல வேண்டும்.

கோர்ட் போன வாரம் முடிந்தது. நீதிபதி அபராதம் போட்டார். ஒரு வருஷம் நான் எந்த ஆற்றிலும் தூண்டில் போடக் கூடாது என்றார். நல்லது என்றேன், வக்கீல் முறைத்தார். மிச்சம் இருப்பது இந்த உறை. அதில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். வேண்டாம் என்றுகூட எழுதியிருக்கலாம்.

9

மூன்று நாற்பது. அபிஷா வந்துவிட்டாள். பையைக் கீழே போட்டாள், ஊறுகாய்ப் பாட்டிலைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள்.

"எப்ப வந்துது?"

"ஒரு மணிக்கு."

"பிரிக்கலையா?"

"நீ பிரி," என்றேன்.

எடுத்தாள். ஓரத்தில் விரலை வைத்துக் கிழிக்கப் பார்த்தாள். காகிதம் படபடவென்று சத்தம் போட்டது. உறையை மேசையில் வைத்துவிட்டுக் கையை விரித்து என்னிடம் காட்டினாள்.

"அப்பா, என்னால முடியல. லுக், கை நிக்க மாட்டேங்குது."

என் கையையும் அவள் கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டும் ஆடின. அவள் பார்த்தாள். எனக்கு இருபது வருஷத்தில் இப்படி ஒரு துணை கிடைத்ததில்லை.

"அப்ப அம்மா வரட்டும்," என்றாள்.

இன்று ஷீபாவுக்குப் பகல் ஷிஃப்ட், வர ஏழரை ஆகும். உறை பழையபடி ஊறுகாய்ப் பாட்டிலில் சாய்ந்திருக்கிறது. நான் டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அபிஷா கராஜுக்குப் போய் மேல் தட்டிலிருந்து தூண்டிலை இறக்கிக் கொண்டுவந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து, தூசி துடைத்துக்கொண்டிருக்கிறாள்.